பின்னங்காலில் ஒரு விரிசல்

சதுக்கத்தின் நடுவே வெண்கலக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் ராஜாவை மாதம் இருமுறை கழுவித் துடைப்பது அவள் வேலை. பதினொரு வருடமாகச் செய்வதால் துப்புரவுப் பிரிவில் அவள் பெயரே ‘குதிரைக்காரி’ ஆகிவிட்டது. ராஜா எந்தப் போரில் ஜெயித்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் கக்கத்தில் புறா எப்போது கூடு கட்டும் என்று தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குதிரையின் இடது பின்னங்காலைத் துடைக்கும்போது துணி எதிலோ மாட்டியது. குளம்புக்கு மேலே மயிரிழை போல விரிசல். பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. வெண்கலம் பச்சையாகத்தான் களிம்பேறும். பழுப்பென்றால் உள்ளே தாங்கி நிற்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில். பாரம் முழுக்கப் பின்னால்தான்.

மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

“உன் பாட்டன் காலத்துலேர்ந்து நிக்குது. உனக்கென்ன உதறல்?” என்றார் அவர்.

வீட்டில் விரிசலைப் பற்றிச் சொன்னாள். தையல்காரரான கணவர் சிரித்தார். “எனக்கு முட்டி வலின்னு எத்தன நாளா சொல்றேன். அந்தக் குதிரைக்குக் குடுத்து வச்சிருக்கு!”

அவள் சிரிக்கவில்லை. அவருடைய சாக்கட்டியை எடுத்துப்போய், விரிசல் முடியும் இடத்தில் கோடு போட்டாள். அப்புறம் நாளுக்கு மூன்று முறை போய்ப் பார்த்தாள். பீடத்தின் நிழலில் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பத்தாம் நாள் விரிசல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

அன்றே எல்லோரையும் எழுப்பி விரட்டினாள். கையில் கிடைத்த கயிற்றால் பீடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்தார். “யாரக் கேட்டு கட்டின?”

“கேக்க வந்தப்ப நீங்க காது குடுக்கல சார்.”

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்துக்குப் பயந்தே பொறியாளரை வரவழைத்தார்கள். அவர் சுத்தியலால் மெல்லத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு வெண்கலம் பெயர்ந்து விழ, குடம் கவிழ்ந்தது போல் துருத்தண்ணீர் கொட்டியது. உள்ளே இரும்பு, ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. பொறியாளர் நாலடி பின்னால் நகர்ந்து, “எல்லாரும் தள்ளிப் போங்க!” என்று கத்தினார்.

மறுநாள் பட்டை கட்டி ராஜாவையும் குதிரையையும் கிரேன் தூக்கியது. அனுமதியின்றிப் பாதையை மறித்ததற்காக அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. “ஆமாம், மறித்தேன்” என்று ஒரே வரியில் பதில் எழுதினாள். அதற்குப்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்துக் குதிரை புதுக் காலோடு திரும்பி வந்தது. இனி நூறு வருடம் கவலையில்லை என்றார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு கால்களையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.