ஜரீனா கவிழ்த்து வைத்த குப்பி

பூந்தமல்லியிலிருந்து ஜரீனாவின் தம்பி போன் செய்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். அழுகை வந்தது. கூடவே, இனி எதிலும் அவள் என்னை முந்த மாட்டாள் என்ற நினைப்பும் வந்தது. சீ, என்ன மனசு இது!

எண்பதுகளின் கடைசியில் எங்கள் அம்பத்தூர் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். புது மருந்து கொடுத்துப் பார்த்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஃப்ரீசரில் உறைய வைத்துக் காப்பது எங்கள் இருவரின் வேலை. எனக்குப் பிறகு சேர்ந்தவள் அவள். ஆனாலும் இயக்குநர், "ஜரீனா பாத்தாச்சா?" என்று கேட்காமல் ஒரு குழாயையும் வெளியே விட மாட்டார். எனக்கு வயிறு எரியும். "குழாய் லேபிள்ல பேனா எழுத்து பனியில அழிஞ்சிடும் மல்லி, பென்சில்ல எழுது" என்பாள். அவள் சொன்னதற்காகவே மேலும் ஒரு மாதம் பேனாவில் எழுதினேன்.

ஒரு குப்பியில் பாதி தண்ணீர் விட்டு உறைய வைத்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஃப்ரீசரில் வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, மேலே அடிப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய ஐஸ் கீழே மூடிப்பக்கம் கிடந்தது. நடுவில் கரண்ட் போய், உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. நோட்டிலோ ஞாயிறு முழுக்கக் குளிர்நிலை சரி என்று என் கையெழுத்து.

"மல்லி, நேத்து வந்தியா?"

"எழுதியிருக்கேன்ல?"

"எழுதினது கீது. வந்தியான்னு கேக்குறேன்."

வரவில்லை. சனிக்கிழமையே ஞாயிறுக்கும் சேர்த்து எழுதிவிட்டு, கோவில்பதாகையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

"கெட்டுப்போன சீரத்த வெச்சி டெஸ்ட் பண்ணா, மருந்தப் பத்தியே தப்பா சொல்லிடுவாங்க. நீயே போய் சொல்லிடு. நா சொன்னா உன் வேல போயிடும்."

போய்ச் சொன்னேன். இயக்குநரின் முகம் சிவந்தது. "உருகினது எப்படித் தெரியும்?" என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது: "நான்தான் சார் குப்பி கவிழ்த்து வெச்சிருந்தேன்."

அவர் கோபம் அடங்கிவிட்டது. நேர்மையான பெண் என்று வேறு சொன்னார். எல்லா ஃப்ரீசரிலும் 'மல்லிகா குப்பி' வந்தது. ஜரீனா கேள்விப்பட்டுச் சிரித்தாள். "இன்னா மல்லி, பேரு வெச்சாச்சு, பாயசம் இல்லியா?" அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

நண்பர்களே, அவளுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான்: அவளுக்குச் சேர வேண்டிய பேர். அதை இன்றைக்குத் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ள அவள் இல்லாத நாளாகப் பார்த்து.