நான் சொல்லாமல் விட்ட பெயர்கள்

போன மாதம் ஒரு பொய் சொன்னேன். வாசகர்களிடம் அல்ல, சுகாதார ஆய்வாளரிடம்.

ப்ளஸ் டூ படிக்கும் என் மகனுக்குக் கடும் காய்ச்சல். கழுத்தை வளைக்க முடியவில்லை; வெளிச்சம் பட்டால் கத்தினான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார்:

"மூளை உறையில வீக்கம். இது வைரஸாலும் வரும், டிபியாலும் வரும். வைரஸ்னா பெரும்பாலும் தானா அடங்கிடும். இவனுக்கு வந்திருக்கறது வேற பாக்டீரியா. நெருங்கி இருந்தவங்களுக்கும் தொத்தலாம்."

மாலையில் ஆய்வாளர் வந்தார். "ஒரு வாரமா வூட்டுக்கு யார் யாரு வந்தாங்க சார்? எல்லாருக்கும் மாத்திரை குடுக்கணும். ஒரு பேரும் விட்றாதீங்க."

பக்கத்து வீடு, ட்யூஷன் நண்பர்கள்... எல்லாம் சொன்னேன். மகளைப் பெண் பார்க்க இண்டூரிலிருந்து வந்தவர்களை மட்டும் சொல்லவில்லை. மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தால் சம்பந்தம் நிலைக்குமா?

டெங்குக் கணக்கை அதிகாரிகள் மறைக்கிறார்கள் என்று இதே பக்கத்தில் பொங்கியவன் நான்!

மறுநாள் காலை மகள் கேட்டாள். "அப்பா, இண்டூர்க்காரங்க பேரைச் சொன்னீங்களா?"

"அவங்க ரெண்டு மணி நேரம்தானேம்மா இருந்தாங்க..."

"மாப்பிள்ளையோட அக்கா குழந்தையை நம்ம தம்பி மடியை விட்டு எறக்கவே இல்லையே! முத்தம் குடுத்துட்டே இருந்தானே!"

அந்தக் குழந்தைக்குப் பதினோரு மாதம்.

அவளே ஆய்வாளருக்கு போன் செய்தாள். மதியத்துக்குள் இண்டூருக்கு மருந்து போய்விட்டது. குழந்தைக்கு எதுவும் வரவில்லை. மகனும் பிழைத்து எழுந்தான்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அப்பா சாத்துக்குடியோடு வந்தார். மகனின் தலையைத் தடவி நலம் விசாரித்தார். பிறகு என்னை வராண்டாவுக்கு அழைத்தார்.

"காச்சல் யாருக்கு வேணா வரும்ங்க. அதுக்காகச் சம்பந்தத்தை வுட மாட்டோம். ஆனா நீங்க எங்க பேரைச் சொல்லலே, உங்க பொண்ணு போன் பண்ணித்தான் வந்தேன்னு மருந்து கொண்டாந்தவரு சொன்னாரு. என் பேத்தி உசுரு உங்களுக்குப் பெருசாத் தெரியலியேங்க... அந்த வூட்ல எப்படிங்க பொண்ணு எடுக்கறது?"

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "என்னாலதான் உன் கல்யாணம் நின்னு போச்சும்மா" என்றேன்.

"அது போனாப் போகுதுப்பா. நான் கேக்கலேன்னா, நீங்களா சொல்லியிருப்பீங்களா?"

'ஆமாம்' என்று சொல்ல வாயெடுத்தேன்... இரண்டாவது பொய் வேண்டாமென்று மூடிக்கொண்டேன்.