பிலிஸின் தொண்டைக்கு ஒரு கிணறு

என் மனைவி பிலிஸின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூனா கன்டோன்மென்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் ஹிந்தி டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் வம்பு பண்ணுகிற பையன், இவள் வராந்தாவிலிருந்து ஒரு அதட்டல் போட்டால் அப்படியே நின்றுவிடுவான். எங்கள் சர்ச்சில் தமிழ் ஆராதனையில் பாட்டை எடுத்துக்கொடுப்பவளும் அவள்தான். வானவடியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நான் வாங்குகிற திட்டு ஒவ்வொன்றும் கீழே வாட்ச்மேனுக்கு அத்துப்படி.

போன வருடம் தைராய்டுக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனது. கட்டியோடு குரலும் போனது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. "நரம்பு சோர்ந்திருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பிலிஸ் கோயிலில் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். வீட்டில் அமைதி கொடும் என்று எத்தனையோ வருடம் ஜெபித்தவன் நான். கிடைத்த பிறகு ஒரு நாள்கூட அதைத் தாங்க முடியவில்லை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கிற எங்கள் மகன் நீல், ஒரு மாறுதலுக்காக எங்களை அங்கே வரவழைத்தான். அவன் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய கோயில். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு புனிதக் கிணறு. அந்தத் தண்ணீர் பட்டால் தொண்டை திறக்கும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பினார்களாம். இதைக் கேட்டதிலிருந்து பிலிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கோ எரிச்சல்.

"நாம என்ன தீர்த்தம் தேடிப் போற ஆளுகளா? பாளையங்கோட்டையில எங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாக?" என்றேன்.

"ஒங்கப்பாவுக்கா குரல் போச்சு?" என்றாள், காற்றாலேயே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீலோடு போனோம். கோயில் முகப்பில் வெள்ளைத் தலை அம்மாள் ஒருத்தி மேசை போட்டு ஜாம், பழைய புத்தகம், கைப்பை என்று கூரை பழுதுபார்க்கும் நிதிக்காக விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் கோயிலுக்குள் செருப்போடு போவதில்லை. பூனாவில் எங்கள் கோயிலுக்கே காலை இங்கிலீஷ் ஆராதனைக்காரர்கள் ஷூவோடு போவார்கள். எங்கள் முறை வந்ததும் வாசலில் செருப்பு குவிந்துவிடும். பிலிஸ் யோசிக்கவே இல்லை. கோலாப்புரிச் சப்பலை மேசை ஓரமாகக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாக்ஸ் காலோடு ஈரப் புல்லில் விறுவிறுவென்று நடந்தாள்.

நம் ஊர்க் கிணறு மாதிரி இல்லை. சாய்ந்து கிடந்த கல்லறைக் கற்களைத் தாண்டிச் சில படிகள் இறங்கினால், பாசி பிடித்த ஒரு கல் தொட்டி. அதில் நூல் போலத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பிலிஸ் என் கையைப் பிடித்து உலுக்கி, காற்றாலேயே கிசுகிசுத்தாள். "எத்தனை நூறு வருசத் தண்ணி பாத்தியளா!" குடிக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்ததால் தொண்டையில் தடவிக்கொண்டு கண்ணை மூடினாள். என் எரிச்சல் எங்கே போனதோ, நானும் மூடினேன். ஆண்டவரே, இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சினேன்.

பாட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள். காற்றுதான்.

"பரவாயில்ல. பாத்தாச்சுல்லா" என்று சிரித்துவிட்டுப் படியேறினாள்.

முகப்புக்கு வந்தால் சப்பலைக் காணோம். வெளிக்கதவருகே ஒரு நெட்டை மனிதர் போய்க்கொண்டிருந்தார். அவர் பையிலிருந்து கோலாப்புரியின் வார் எட்டிப் பார்த்தது. யாரோ நிதிக்குக் கொடுத்த சாமான் என்று நினைத்து, அந்த அம்மாள் அதை விற்றே விட்டாள்!

"ருக்கோ!"

மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

"அரே, ருக்கோ! வோ மேரா சப்பல் ஹை!"

பதறினால் பிலிஸுக்கு ஹிந்திதான் வரும். நில்லு, அது என் சப்பல் என்று அந்த மனிதருக்கு எங்கே புரியப்போகிறது? ஆனாலும் மைதானத்துப் பையனைப் போல அப்படியே நின்று, இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நீல் மன்னிப்புக் கேட்க அவரிடம் ஓடினான்.

பிலிஸ் என் பக்கம் திரும்பினாள். "பூனா கேம்ப்ல கடை கடையா ஏறி எறங்கி வாங்குன சப்பல்! கொஞ்சம் பாத்துக்கிடக் கூடாதா? மரம் மாதிரி நின்னா ஆச்சா? ஒங்கள நம்பி..." கரகரத்து, நடுவில் உடைந்து, ஆனால் முழுசாக வந்தது. சட்டென்று நிறுத்தினாள். கை தொண்டைக்குப் போனது.

"ஏங்க, நானா பேசுதேன்?"

கண்ணைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நீதாம்ளா. நிப்பாட்டாத. இன்னும் திட்டு."