பக்கத்து ஊர்ப் பெட்டி சொன்ன கோள்

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் என் மனைவி வேலை பார்க்கிறாள். ஊருக்கு ஒரு வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். வேகம் குறைந்ததா, தகவல் வழியில் தொலைந்ததா என்று அது ஓயாமல் அளக்கும். அளந்ததையெல்லாம் அலுவலகத்துக்கு அனுப்பினால் மலையில் இருக்கிற இணைப்பு அதற்கே போதாது. அதனால் பெட்டிகள் தாங்களே கணக்குப் போட்டு, சாரத்தை மட்டும் அனுப்பும்படி அவள் அமைத்திருந்தாள். நான் பத்திரிகையில் இருந்தபோது எங்கள் பகுதிநேர நிருபர்களும் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு நாலு வரிதான் அனுப்புவார்கள். அதைப் பக்கத்து ஊர்க்காரரிடம் சரிபார்ப்போம். இவள் பெட்டிகளும் பக்கத்துப் பெட்டியைப் பற்றி ஒரு வரி சேர்த்தே அனுப்பும்.

ஒரு பெட்டி தன்னைப் பற்றி எப்போதும் நலம் என்றே சொன்னது. பக்கத்து ஊர்ப் பெட்டியோ, சந்தை நாளில் அது பேசுவதே இல்லை என்றது. வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டது நிறுவனம். பெட்டி இருக்கும் வீட்டுக்கு இணைப்பு இலவசம். அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் கேரளாவில் எஸ்டேட் வேலையில் இருந்தார். மாலையில் அவர் முகத்தைப் பார்ப்பது அந்த இணைப்பில்தான்.

மாற்றுவதற்குமுன் நேரில் பார்த்துவிடலாம் என்றாள் என் மனைவி. ஜீப்பில் நானும் போனேன். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. சந்தைக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவாராம். ஆளில்லாத கூரை வீடொன்று மின்கசிவில் எரிந்ததிலிருந்து அந்தத் தெருவுக்கே அதுதான் வழக்கம். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டதும் பெட்டி பழைய நினைவில்லாமல் விழித்து, நலம் என்று அனுப்பியிருக்கிறது.

"பொட்டி அணையறத யாரு சொன்னது உங்களுக்கு?"

"பக்கத்து ஊரு பெட்டிதாங்க்கா."

"எங்க நாத்தனா வாக்கப்பட்ட ஊராச்சே. பொட்டிக்கும் அதே புத்தி."

சிரித்தவர், நாங்கள் எழுந்ததும் குரலைத் தாழ்த்தினார். "இனிமே சந்தைக்கே போவல மேடம். பொட்டிய மட்டும் எடுத்துடாதீங்க."

சந்தைக்குத் தாராளமாகப் போங்கள், சுவிட்சையும் அணையுங்கள் என்றாள் என் மனைவி. நிறுவனத்தோடு இரண்டு நாள் வாதாடி, பெட்டியை முற்றத்துக் கம்பத்துக்கு மாற்றி, சின்ன சோலார் தகடும் பேட்டரியும் வாங்கிப் பொருத்தினாள்.

அடுத்த சந்தை நாளில் ஜமுனாமரத்தூரில், சாமை மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெண் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு இன்னா சொல்லுச்சு அந்த ஊரு பொட்டி?"

என் மனைவி போனை எடுத்துப் பார்த்தாள். "குறையா ஒண்ணுமே சொல்லலக்கா."

"பாவம்," என்றார். "அதுக்குப் பொழுதே போயிருக்காது."