பிழை விட்டவரே தலைவர்

பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் மர்சூக்கின் கணினிக் கடை பூட்டு. மேல்மாடி சும்மா கிடக்கும். நிரல் எழுதும் மாத்தளைக் குழு அங்கேதான் கூடியது. உலகெங்கும் பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கும் ஒரு திறந்த மூல நிரல்மொழிக்கு இங்கிருந்தும் வேலை போகவேண்டும் என்று அந்தக் குழுவைத் தொடங்கியவர் சரோஜினிதேவி. யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளர். அலுவிகாரையில் வீடு.

தலைவர், செயலாளர், பொன்னாடை எதுவும் கூடாதென்று முதல் நாளே சொல்லிவிட்டார். விதி ஒன்றுதான்: அனுப்பிய நிரல் பிழையென்று யாருக்குத் திரும்பி வந்ததோ, அடுத்த கூட்டத்துக்கு அவரே தலைமை. எங்கே சறுக்கினேன் என்று எல்லாருக்கும் விளக்கவேண்டும்.

போர் நடந்துகொண்டிருந்த 2007இல், இது என்ன கூட்டம் என்று கேட்டுப் பொலிஸ் வந்தது. பொறுப்பாளி ஒருவரின் பெயர் வேண்டும், அடுத்த போயாவுக்குள் தராவிட்டால் கடையை மூடுவோம் என்றார்கள். அந்த மாதம் திரும்பி வந்திருந்தது சரோஜினிதேவியின் நிரல்.

மர்சூக் பயந்துபோனார். நாவுலயிலிருந்து வரும் சிங்களவரான பண்டாரவின் பெயரைக் கொடுக்கலாம் என்றார்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. யாழ்ப்பாணத்துப் பேரக் கண்டா சும்மா வுட மாட்டாங்க. இந்த ஒரு மாசம் அவர்ட பேரு இருக்கட்டும்.”

“பண்டார என்ன பிழை விட்டவர்?”

“ஒன்டுமில்ல.”

“அப்ப அவருக்குத் தகுதியில்லை. என்ர பிழைக்கு நான்தான் தலைமை.”

போயா அன்று சார்ஜன்ட் வந்தார். சரோஜினிதேவி பெயரையும் முகவரியையும் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். பிறகு, பெரிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால் தன் நிரல் ஏன் நின்றுவிடுகிறது என்று விளக்கத் தொடங்கினார். சார்ஜன்ட் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் இரண்டு தடவை நிலையத்துக்கு அழைத்தார்கள். கந்தோருக்கு வேலைக்குப் போகும் சேலையிலேயே போய்வந்தார். கூட்டம் நிற்கவில்லை.

அடுத்த போயாவுக்கும் சார்ஜன்ட் வந்து அவரைத் தேடினார். சரோஜினிதேவி பின்வரிசையில் இருந்தபடி, அன்றைய தலைவரான, மருந்துக்கடையில் வேலை செய்யும் றஹீமாவைக் காட்டினார். அதற்கடுத்த மாதம் பண்டார. மாதம் ஒரு தலைவரென்றால் நான் யாரை விசாரிப்பது என்று சார்ஜன்ட் அலுத்துக்கொண்டார். பிழை விட்டவரை, என்றார் சரோஜினிதேவி.

2009 தொடக்கத்தில், வேலைக்குப் போகும் வழியில், பஸ்ஸில் நெஞ்சுவலி வந்து சரோஜினிதேவி இறந்தார்.

அந்த மாதம் யாருடைய நிரலும் திரும்பி வரவில்லை. தலைமைக்கு ஆளில்லை, இந்தப் போயாவை விட்டுவிடுவோம் என்றார் மர்சூக். றஹீமா அன்று மாலையே, தெரிந்தே ஒரு பிழையை வைத்து நிரலொன்றை அனுப்பினார்.

மறுநாள் அது திரும்பி வந்தது.