ஹேண்டில் உயரம்

விசில் அக்காவின் சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்றுவிடும் என்றுதான் முதல் மூன்று வாரமும் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், நான்தான் சின்னவள். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்கணும் என்று டாக்டர் சொன்னதால் மகளின் பழைய சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். மேடு வந்தால் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். மற்றவர்கள் கண்ணுக்கு மறையப் போகிற நேரத்தில் அக்கா கையைத் தூக்குவார். "நில்லுங்கப்பா, செயின் கழண்டுபோச்சு!" செயின் பக்கம் குந்தியவர் நான் போய்ச் சேரும்போதுதான் எழுவார். நாலாவது வாரம் கிட்டே போய்ப் பார்த்தேன். செயின் அதன் இடத்திலேயே இருந்தது. அக்கா விரலில் கறுப்பு மசகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விசில் கழுத்திலேயே தொங்கியது. ஒரு ஊதல் என்றால் நிற்கணும், இரண்டு என்றால் கிளம்பணும். "முப்பது வருஷம் நின்னுக்கிட்டே ஊர் சுத்தினேன், இப்பதான் உக்காந்து சுத்தறேன்" என்பார். வயது அறுபத்தாறு. அணைக்கட்டுக்குச் சைக்கிளில் போய்வரணும் என்பது அவருடைய ஆசை. போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. கூட்டத்தைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்.

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இடது கை வலிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். மேடு ஏறும்போது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுக்குமாம்.

"ஹேண்டில் தாழ்ந்து கிடக்கு, அதான்" என்றார்.

கடையில் கொடுத்து உயர்த்தினார். வலி போகவில்லை. மறுபடி உயர்த்தினார். பிறகு கொஞ்சம் இறக்கினார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உடம்பில் எங்கே வலித்தாலும் முதலில் சைக்கிள் மேல்தான் சந்தேகம் வருகிறது.

"மாமாகிட்ட மூச்சு விடாத. எங்கயாவது வலின்னு சொன்னா அன்னைக்கே சைக்கிளை வித்துடுவேன்னு சொல்லியிருக்கார். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், அக்காவின் வீட்டுக்காரரான மாமா நான் வேலை செய்கிற இடத்துக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற வேலை எனக்கு. சூட்டு ஆவிக்கு நடுவில் வந்து நின்று கேட்டார்.

"ஏம்மா, அவ ராத்திரியெல்லாம் கையைப் பிடிச்சு விட்டுக்கறா. கேட்டா எரிஞ்சு விழறா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணுமில்ல மாமா" என்றேன். கையிலிருந்த போர்வையைத் தப்பாக மடித்துவிட்டு, திரும்பப் பிரித்தேன். அவர் போன பிறகும் மனசு ஆறவில்லை. சாயங்காலம் சாமி முன்னால் நின்றேன், வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

ஞாயிறு விடியற்காலை அணைக்கட்டுக்குக் கிளம்பினோம். மாமா வந்து கேட்டதையும் நான் மறைத்ததையும் போகிற வழியில் அக்காவிடம் சொன்னேன். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் பெரிய மேடு தொடங்கும். கழிப்பறை மாடியில் இருந்தது. அக்கா படியேறினார், நான் பின்னால் போனேன். பத்துப் படிகூட இருக்காது, நின்றுவிட்டார். வலது கையால் இடது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த காலையில் நெற்றியெல்லாம் வேர்வை.



"அக்கா, இங்க ஹேண்டில் எங்க இருக்கு?"

"என்னடி உளர்ற?"

"படி ஏறும்போதும் அதே கைதானே வலிக்குது? இங்க எந்த ஹேண்டிலைப் பிடிச்சீங்க?"

அக்கா மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் இறங்கத் தொடங்கினார்.

"இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்தான். போயிட்டு வந்து பார்த்துக்கலாம்."

"மாமாவுக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. பண்ணிட்டு என் மூஞ்சியில முழிக்காத. நேத்து அவர்கிட்ட பொய் சொன்னவதானே நீ? இன்னைக்கு மட்டும் என்ன பக்தி முத்திப்போச்சு?"

சுருக்கென்று தைத்தது. உண்மைதானே.

அவர் சைக்கிளில் ஏறி இரண்டு ஊதல் ஊதினார். எல்லாரும் கிளம்பினார்கள். அவர் மிதிக்கத் தொடங்கிவிட்டால் என்னால் எட்டிப் பிடிக்க முடியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஓடிப்போய்ப் பின்பக்கக் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி!"

"விட மாட்டேன்க்கா."

அவர் பெடலை அழுத்தினார், நான் காலை ஊன்றி இழுத்தேன். முன்னால் போனவர்கள் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். "ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு?" என்று சிரித்தவர், அக்கா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. டீக்கடைக்காரர் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். ஒரு கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டே மறுகையால் போன் போட்டேன்.

"மாமா, நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று தொடங்கினேன். பாதி கேட்டதுமே, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாம்மா, நான் நேரா அங்க வரேன்" என்றார்.

ஆட்டோவில் அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று ஓட்டுநரிடம்தான் சொன்னார். சாமி, இவங்க என்கூடப் பேசவே வேணாம், பிழைச்சா போதும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

இதயத்துக்குப் போகிற இரண்டு குழாயில் அடைப்பு. "அந்த மேட்டை ஏறியிருந்தாங்கன்னா…" என்று டாக்டர் ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

நான் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்தது. அக்கா பிழைத்தார், என்னோடு பேசவில்லை. நாலு மாதம். வீட்டுக்குப் போனால் மாமா டீ தருவார், அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். டாக்டர் சமதரையில் ஓட்ட விட்ட பிறகு தெருவில் ஓட்டுவார். எதிரே நான் வந்தால் மறு ஓரத்துக்குப் போய்விடுவார்.

பிறகு மகன் இருக்கும் ஊருக்கே குடிபோவதாக முடிவானது. சாமான் ஏற்றிய வண்டியின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அக்கா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார். இடது கையால்தான் பிடித்தார், பிடி பலமாக இருந்தது.

"உன்மேல கோவம் இன்னும் தீரல. அணைக்கட்டுல வெச்சுத்தான் தீர்த்துக்கணும். டாக்டர் எப்ப விடறாரோ அப்ப வரேன். அதுவரைக்கும் நீ செத்துகித்துத் தொலைச்சிடாத."