நடராஜருக்கு நான் தூக்கிய கால்

நெடுங்காட்டில் யாரிடமாவது தாமரைச்செல்வி வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார்கள். டான்ஸ் டீச்சர் வீடு என்று கேட்டால் வாசல் வரை கூட்டிவந்து விடுவார்கள். நான்தான் அந்த டான்ஸ் டீச்சர். முதல் தடவை என்னைப் பார்க்கிறவர்கள், டீச்சர் எனக்குப் பின்னால் வருகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுண்டு. கல்யாணத்தின்போது நான் ஒல்லிக்குச்சி. அப்புறம் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததையெல்லாம் வீணாகாமல் காப்பாற்றிக் காப்பாற்றி இந்த உருவத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வகுப்பு நடப்பது ஆஸியா பீவி வீட்டு மாடியில். கீழே அவர் குடியிருக்கிறார். மகன் துபாயில். "மவன் போன்ல பேசுறப்பல்லாம், 'உம்மா, மாடியில என்ன இடிக்கிறாங்க'ன்னு கேக்குறான். நாட்டியம்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறான் டீச்சர்" என்பார். நானே சில நாள் நம்புவதில்லை.

குரும்பகரத்திலிருந்தும் வரிச்சிக்குடியிலிருந்தும் பிள்ளைகள் அப்பாக்களின் வண்டியில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு எதிரே நின்று நான் ஆடிக் காட்ட வேண்டும். "வலது கை" என்று வாயால் சொல்வேன். நீட்டுவது என் இடது கையை. அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்து ஆடுவதுபோல அவர்களுக்குச் சரியாக வரும். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். ஆனால் வருஷக்கணக்கில் செய்தால் உடம்பு அதையே உண்மை என்று நம்பிவிடுகிறது. என் வீட்டுக்காரர் சிவக்குமார் வண்டி ஓட்டும்போது, பின்னாலிருந்து "வலது பக்கம் திரும்புங்க" என்று அவர் தோளுக்கு மேலே இடது கையை நீட்டுவேன். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "வாய் சொல்றபடி போறதா, கை சொல்றபடி போறதா?" என்று கேட்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் பிரதீபா ஒரு கேள்வி கேட்டாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற குரும்பகரத்துப் பெண். அன்றைக்கு முட்டி வலி என்று நான் பாயில் உட்கார்ந்து, கட்டையில் கழியால் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், உங்களுக்கு டான்ஸ் ஆட வருமா?"

"வராமயா உனக்குச் சொல்லித்தர்றேன்?"

"இல்ல டீச்சர், எங்க பி.டி. சார் ஓடவே மாட்டாரு. நிழல்ல நின்னு விசில்தான் ஊதுவாரு. அதான் கேட்டேன்."

சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. கல்யாணத்துக்குப் பிறகு நான் மேடையில் தனியாக ஆடியதே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து தாளம் போடுவதும், பிள்ளைகளுக்குப் பூ வைத்துப் பின் குத்துவதும், அவிழ்ந்த சலங்கையைக் கட்டிவிடுவதும்தான் என் கலைச்சேவை. இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது ஆட்டக்காரியாக நின்றுவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வரிச்சிக்குடிக் கோயில் திருவிழாவில் பிள்ளைகளின் நிகழ்ச்சி இருந்தது. விழாக் கமிட்டி சுப்பையனிடம், கடைசியில் நானும் ஒரு பாட்டுக்கு ஆடுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆடுங்கம்மா, மேடை தாங்கும். போன வருசம் பட்டிமன்றமே நடந்துச்சு" என்றார்.

வகுப்பு முடிந்ததும் மாடியில் தனியாக ஆடிப் பழகினேன். ஆஸியா பீவி கீழிருந்து குரல் கொடுத்தார்.

"புள்ளைங்கதான் போயிட்டாங்களே, இன்னும் யாரும்மா?"

"நான்தாங்க."

"ஒத்த ஆளா?"

அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஆட்டம் சுத்தமாக வந்தது. பாட்டின் முடிவில் நடராஜர் கோலம். வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி நிற்க வேண்டும். நின்றேன். இடது முட்டிதான் எனக்கு ஆகாத முட்டி. அது பாட்டுக்குத் தூக்கின இடத்தில் ஓய்வாக இருந்தது.

திருவிழா அன்றைக்கு மேடையேறினேன். ஆடி முடித்த பிள்ளைகள் எல்லாரும் மை அழிந்த கண்களோடு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு தொடங்கியது. நான் அவர்களைப் பார்த்தேன். அவ்வளவுதான், என் உடம்பு வகுப்புக்குப் போய்விட்டது. இடம் வலமாகி, வலம் இடமாகி, முழுப் பாட்டையும் தலைகீழாக ஆடியிருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை. கடைசிக் கோலத்தில் இடது முட்டி உயிர்போவதுபோல் வலித்தபோதுதான், எந்தக் காலில் நிற்கிறேன் என்பதே உறைத்தது. நடராஜருக்கு நான் தூக்கியிருந்தது வலது கால்.

மைக்கைப் பிடித்தார் சுப்பையன். "மதுரை வெள்ளியம்பலத்துல, பாண்டியனுக்காக எம்பெருமான் கால் மாறி ஆடுன கோலம்! அத நம்ம வரிச்சிக்குடிக்கே கொண்டாந்து காட்டிட்டாங்க டீச்சர். இதெல்லாம் ஆராய்ச்சி பண்ணாம வராதுங்க" என்றார். பலத்த கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். நான் மறுக்கவில்லை. அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அபிநயம் எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

திரும்பி வரும் வழியில் சிவக்குமார் மெதுவாகக் கேட்டார். "பாண்டியன் வந்து கேட்டானா, இல்ல நீயாவே மாத்திட்டியா?"

அடுத்த வகுப்பில் பிரதீபா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க நேத்து எங்களுக்குக் காட்டித் தந்தீங்கதானே? அது டான்ஸ் இல்லல்ல?"

ஊர் முழுக்க நம்பியிருந்தது. இவள் ஒருத்தி நம்பவில்லை. இவளுக்காகத்தான் நான் மேடையேறியதே. அழுகை வரும்போலிருந்தது. "மாறிப்போச்சுடி. உங்களப் பார்த்தா எனக்கு மாறிப்போயிடுது" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப எங்களப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி ஆடுங்க."

பிள்ளைகளை உட்காரச் சொன்னேன். யாரும் கூட ஆடக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பாட்டை நானே பாடிக்கொண்டு ஆடினேன். வலது வலதாகவே வந்தது. மூச்சு இரைத்தது, பாதிப் பாட்டுக்குக் குரல் எழவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப காலம் ஆயிற்று. முடிவில் இடது கால் தானாக எழுந்தது.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கீழே ஓடிவிட்டார்கள் என்றே நினைத்துத் திரும்பினேன். எல்லாரும் வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளாடிக்கொண்டு நின்றார்கள்.

"பார்க்கத்தானே சொன்னேன்?"

"சும்மா பாக்க முடியல டீச்சர்" என்றாள் பிரதீபா, காலை இறக்காமலே. "நீங்க ஆடுறீங்கல்ல."

அழுதால் வகுப்பு கெட்டுப்போகும் என்று, "பிரதீபா, முட்டிய மடக்கு" என்று அதட்டினேன். அது மடங்கித்தான் இருந்தது.